பழைய வண்டியும் புதுக் கௌரவமும்

"கடைசியில் பழைய கார்தான் வாங்கினீர்களா?" என்று ஒருவர் கேட்கும்போது, அந்தக் 'கடைசியில்' என்ற சொல்லையும், காரோடு ஒட்டிக்கொண்டு வரும் 'தான்' என்பதையும் கவனித்திருக்கிறீர்களா? தமிழ் மொழியின் நுட்பம் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கி வேலை செய்கிறது. "பாவம், உமக்கு அவ்வளவுதான் முடிந்தது போலிருக்கிறது" என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்லிவிட முடியாது. கேட்கிறவர் தம்முடைய புதுக் காருக்கு இன்னும் ஆறு வருஷம் தவணை கட்ட வேண்டியவராக இருப்பார். அந்த விஷயம் அந்த நிமிஷத்தில் அவருக்கு ஞாபகம் வராது.

மத்தியதரக் குடும்பம் ஒன்று கார் வாங்க நினைத்தால், நாலைந்து வருஷம் ஓடிய வண்டியை வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. பழைய வண்டி வாங்குகிறவன் ஒன்று ஏழை, அல்லது ஏமாளி என்று ஊரெல்லாம் ஓர் அபிப்பிராயம் உலவுகிறது. அதில் முதற்பாதி வெறும் ஜம்பம். இரண்டாவது பாதியில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மைக்குப் பொறுப்பாளி யார் என்று விசாரிக்கப் புறப்பட்டால், நீட்டிய விரல் நம்மை நோக்கியே திரும்புகிறது. முதலில் ஜம்பத்தைப் பார்த்துவிடுவோம்.

இந்நாளில் புதுக் கார் வாங்குவது பாதிக் கல்யாணம் மாதிரி நடக்கிறது. கடையில் வண்டியைத் துணி போர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். குடும்பத்தார் அனைவரும் சூழ்ந்து நின்று துணியை விலக்க வேண்டும். ஒரு முழ நீளத்துக்கு அட்டையில் செய்த சாவி ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். கேக் வெட்டுகிறார்கள். சிப்பந்திகள் கை தட்டுகிறார்கள். அந்தப் புகைப்படம் அரை மணிக்குள் வாட்ஸ்அப்பில் பறந்து, பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. (உண்மையில் அவருக்குத்தான் அது அனுப்பப்படுகிறது.) பிறகு சென்னைவாசியானால் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் சந்நிதி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். முனீஸ்வரரை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய வண்டி போய் நின்றாலும் அவர் அதே விபூதியைத்தான் கொடுக்கிறார். எத்தனையாவது கை என்று கேட்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, ஆசனங்களின் மேல் கம்பெனிக்காரன் போர்த்தி அனுப்பிய பிளாஸ்டிக் உறையை ஆறு மாதத்துக்குக் கழற்றுவதில்லை. சித்திரை வெயிலில் முதுகு வெந்தாலும் சரி, ஏறி உட்காருகிறவர்களுக்கு இது புது வண்டி என்று முதுகிலேயே தெரிய வேண்டும்!

ஒரு தொடர்கதையில் நான் கதாநாயகனுக்குப் பழைய பியட் ஒன்றைக் கொடுத்திருந்தேன். கதவைத் திறந்தால் முனகும் என்று ஒரு வரி கூட எழுதியிருந்தேன். பத்திரிகை வந்தபோது பார்க்கிறேன், ஓவியர் பளபளவென்று ஒரு நீள வண்டியைப் போட்டு அதில் அவனைச் சாய்த்து நிறுத்தியிருந்தார். கேட்டதற்கு, "கதாநாயகன் ஆயிற்றே, சார்!" என்றார். அவரைக் கோபித்து என்ன பயன்? அவர் வாசகர்களை அறிந்தவர்.

வேடிக்கை இத்துடன் நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ல் வந்தது. இன்றைக்கும் சில சம்பந்தப் பேச்சுகளில், "நாங்கள் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்ற பீடிகைக்குப் பின்னால் ஒரு கார் நின்றுகொண்டிருக்கிறது. அது புதுக் காராக இருக்க வேண்டும். பழைய வண்டி கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டாருக்கு அவமானம் நேர்ந்துவிடும். சேமநல நிதியைக் கரைத்து அந்த அவமானத்தைத் தடுத்து நிறுத்திய தகப்பனார் இருவரை நான் அறிவேன். இருவருமே இன்னும் பஸ்ஸில் போகிறார்கள்.

நம் கௌரவம் புதுமையில்தான் இருக்கிறது என்று சொன்னாலும் நான் ஒப்புக்கொள்வேன். அதுவும் இல்லை என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1960-களில் இந்த நாட்டில் தயாரான கார்கள் முக்கியமாக மூன்றே மூன்று. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் அம்பாஸடர், பம்பாய் குர்லாவில் பியட், நம் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. விலையைச் சர்க்கார் கட்டுப்படுத்தியிருந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதன் பலன் என்னவென்றால், வரிசையில் நின்று வண்டி எடுத்தவர் அதை வெளியே விற்றால் தாம் கொடுத்ததைவிட அதிகமாகக் கிடைத்தது. ஓடிய வண்டிக்குப் புது வண்டியைக் காட்டிலும் விலை! அந்நாளில் யாரும் பழைய கார் வாங்கியவரைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. "எப்படி ஐயா கிடைத்தது?" என்றுதான் பொறாமையோடு கேட்டார்கள். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி மாருதி 800 வந்தது. 1993-ல் கார்த் தொழிலுக்கு லைசென்ஸ் முறையும் நீங்கியது. கடையில் புது வண்டி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே பழைய வண்டிக்குத் தீட்டு வந்தது.

நானோ கதை இன்னும் நன்றாயிருக்கிறது. 2008-ல் டாட்டா கம்பெனி அதைக் காட்சிக்கு வைத்தது; 2009-ல் விற்பனைக்கு வந்தது. ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று உலகமே திரும்பிப் பார்த்தது. அசல் புது வண்டி, நாலு கதவு, நாலு பேர் நனையாமல் போகலாம். நம் ஜனங்கள் வாங்கினார்களா? ஸ்கூட்டரில் மழையில் நனைந்தபடியே அதைத் தாண்டிப் போனார்கள். 2018-ல் உற்பத்தியே நின்றுபோயிற்று. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் 'மலிவான கார்' என்று பெயர் விழுந்ததே பெரும் பாதகமாயிற்று என்று ரத்தன் டாட்டாவே பிற்பாடு சொன்னார். ஆக, புதிது என்பதற்காகவும் நாம் வாங்குவதில்லை. அடுத்த வீட்டு ஜன்னலில் தெரியும் இரண்டு கண்களுக்காக வாங்குகிறோம். அந்தக் கண்களுக்கு மாதா மாதம் எவ்வளவு கட்டுகிறோம் என்று பார்ப்போம். கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு வராது என்று எண்ண வேண்டாம். பதிப்பாளர்களோடு பழகியவனுக்கு அது தானாக வந்துவிடும்.

கடை விலை 8 லட்ச ரூபாய் உள்ள சாதாரண வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இதற்கு ஆயுள் வரி மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். இன்ஷூரன்ஸ் தனி. பாங்கியில் 7 லட்சம் கடன், வட்டி நூற்றுக்கு 9, தவணை 84 மாதம் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்குச் சுமார் 11,260 ரூபாய் கட்ட வேண்டும். ஏழு வருஷத்தில் கட்டி முடிக்கும் தொகை சுமார் 9 லட்சத்து 46 ஆயிரம். வட்டி மாத்திரம் 2 லட்சத்து 46 ஆயிரம்.

இனி வண்டியின் பக்கத்தைப் பாருங்கள். வண்டி களவு போனாலோ, அடியோடு நொறுங்கிப்போனாலோ எவ்வளவு கொடுப்பது என்று நிர்ணயிக்க இன்ஷூரன்ஸ்காரர்கள் ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் வரையில் நூற்றுக்கு 5 கழிவு. ஒரு வருஷம் வரையில் 15. வருஷம் ஒன்று தாண்டினால் 20, இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நாலு தாண்டினால் 50. நம்முடைய 8 லட்ச ரூபாய் வண்டி முதற் பிறந்தநாள் கொண்டாடிய மறுநாள் 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வண்டி. இந்த ஒரு வருஷத்தில் அது எவ்வளவு ஓடியிருக்கும்? குலதெய்வத்துக்கு ஒரு தடவை, நாலைந்து கல்யாணம், ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரை. மற்ற நாளெல்லாம் வாசலில் தூக்கம். 5,000 கிலோமீட்டர் ஓடியது என்றால், கிலோமீட்டருக்கு 32 ரூபாய் தேய்மானத்திலேயே போயிற்று. பெட்ரோல் செலவு இனிமேல்தான் வருகிறது. ஐந்தாம் வருஷம் பிறக்கும்போது அட்டவணைப்படி வண்டியின் மதிப்பு 4 லட்சம். பாங்கிக்குக் கொடுக்க வேண்டியது இன்னும் மூன்றரை லட்சம்!

சந்தை விலை வண்டிக்கு வண்டி மாறும், அட்டவணைக்கு முன்னே பின்னே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இறங்குமுகம் ஒன்றுதான். புது வண்டியின் இறக்கம் முதல் நாலு வருஷத்தில் செங்குத்து. அப்புறம் சரிவு குறைகிறது. அந்தச் செங்குத்தான இறக்கத்தை வேறொருவர் தம் செலவில் இறங்கி முடித்த பிறகு வண்டியை நாம் வாங்கிக்கொள்வதில் என்ன குறைச்சல்? ஆயுள் வரியை அந்தப் புண்ணியவான் கட்டிவிட்டார். சொந்தக் கார்களுக்குப் பதிவு பதினைந்து வருஷத்துக்குச் செல்லும். நாலு போனாலும் பதினொன்று மிச்சம். பழைய வண்டிக்குப் பாங்கியில் வட்டி அதிகம் என்பார்கள். அதிகந்தான். 3 லட்சத்தை நூற்றுக்கு 13 வட்டியில் ஐந்து வருஷத்துக்கு வாங்கினாலும் மொத்த வட்டி சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம். மேலே சொன்ன வட்டியில் பாதிகூட இல்லை.

2025 செப்டம்பர் 22-ல் சிறு கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரியை 28-லிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். "இனிமேல் எவன் பழையது வாங்குவான்?" என்று என் சிநேகிதர் ஒருவர் வெற்றி முரசு கொட்டினார். புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலை ஆகாயத்தில் நிற்குமா? அதுவும் கூடவே இறங்கத்தான் வேண்டும். பழைய வண்டி விற்கும் வியாபாரிகளுக்கு 2025 ஜனவரியிலிருந்து 18 சதவிகிதம் வரி என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். அந்த வரி வியாபாரிக்குக் கிடைக்கும் லாபத்தின் மேல்தான்; வண்டியின் முழு விலைக்கும் இல்லை. வீட்டுக்காரர் ஒருவர் இன்னொரு வீட்டுக்காரருக்கு நேராக விற்றால் அதுவும் கிடையாது.

இவ்வளவு கணக்கையும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி ஸார், ஆனால் ஏமாற்றிவிடுவானே!" என்கிறார்கள். இதுதான் அசல் ஆட்சேபம். இதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன்.

நம் பாட்டனார்கள் புது மாடு வாங்கியதுண்டா? உழவு மாடு என்றாலே பிறர் கையில் வளர்ந்து, பிறர் நுகத்தில் பழகிய மாடு. அதைச் சந்தைக்குப் போய்த்தான் வாங்கினார்கள். மணப்பாறைச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொன்னார்கள். சுழி பார்த்தார்கள். நாலு தப்படி நடக்கவிட்டுக் குளம்பைக் கவனித்தார்கள். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு தரகரின் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மனிதருக்கு அந்த வித்தை தெரிந்திருந்தது. அவருடைய பேரன் என்ஜினீயரிங் படித்திருக்கிறான்; நாலு சக்கரமும் ஒரு என்ஜினும் உள்ள பதார்த்தத்தைக் கண்டால் அவனுக்குப் பயம். அதனால் கடைக்காரன் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறான்.

பாட்டனாருக்கும் ஏமாற்றம் நேர்ந்ததுண்டு என்பது வாஸ்தவம். மாட்டுக்கு வாய் கிடையாது, விற்கிறவனுக்கு உண்டு. விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாது என்ற இந்தச் சின்ன விஷயத்தை வைத்து அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பிய பிறகு நாலாவது பத்திரிகை வெளியிட்டது. (கதை திரும்பி வந்த அன்பர்கள் கவனிக்கவும்.) 2001-ல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் அவர் ஒருவர், அதற்கு அடிப்படை இந்த ஆராய்ச்சிதான்.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்ச் சந்தை. நல்ல வண்டி எது, சொத்தை வண்டி எது என்று வாங்குகிறவருக்குத் தெரியவில்லை. ஆகையால் இரண்டுக்கும் நடுவாக ஒரு விலையைக் கொடுக்கிறார். நல்ல வண்டிக்காரர், "இந்த விலைக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்று சந்தையைவிட்டு விலகிக்கொள்கிறார். மிஞ்சுவதில் சொத்தை அதிகம். அதைக் கண்டு வாங்குகிறவர் விலையை இன்னும் குறைக்கிறார். இன்னும் சில நல்லவர்கள் விலகுகிறார்கள். கடைசியில் சந்தையில் நிற்பது முழுச் சொத்தை. அகெர்லாஃப் 1967-68-ல் டில்லியில் வந்து ஒரு வருஷம் இருந்தவர். அந்தக் கட்டுரையில் நம் ஊர்க் கடை அரிசியும் வருகிறது. அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் கல்லைப் பொறுக்கிக் கலந்து விற்பதையும், நம் பெண்கள் உட்கார்ந்து அதைப் பொறுக்கி எடுப்பதையும் அவர் கண்டிருக்கிறார். உலகப் பொருளாதாரத்துக்கு நாம் அளித்த உதாரணம் அது!

கல்லைக் கலந்தது யார்? இந்த இடத்தில்தான் எனக்கும் என் வாசகர்களுக்கும் சண்டை வரப் போகிறது.

'பழைய கார்த் தரகன்' என்று ஒரு வில்லனை நாம் செய்து வைத்திருக்கிறோம். சினிமாவில் கூட அவனுக்கு வாயில் வெற்றிலையும் கழுத்தில் சங்கிலியும் உண்டு. தரகர்களில் யோக்கியர்களும் உண்டு, அயோக்கியர்களும் உண்டு. ஆனால் தரகர் வீட்டில் கார் காய்க்கிறதா? நம்மிடமிருந்துதான் அவருக்கு வண்டி போகிறது. பாங்கி அதிகாரி, புரொபஸர், ஆடிட்டர், கோயில் டிரஸ்டி — இவர்கள் விற்ற வண்டிகள்தான் சந்தையில் நிற்கின்றன. முன் பக்கம் இடித்து நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, "சின்னக் கீறல் கூட விழுந்ததில்லை" என்று சத்தியம் பண்ணுகிறவர், மறுநாள் சபாவில் முன் வரிசையில் உட்கார்ந்து உபந்நியாசம் கேட்கிறார். மீட்டரில் 90,000 கிலோமீட்டர் இருந்ததை 40,000-க்குத் திருப்ப ஒரு பையனைப் பிடித்துக் காசு கொடுக்கிறவர், ரேஷன் கடையில் எடை குறைந்தால் ஊரைக் கூட்டுகிறார். விளம்பரங்களைப் பாருங்கள்: "ஒரே ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி". தமிழ்நாட்டில் இத்தனை டாக்டர்கள் இருந்தால் ஆஸ்பத்திரிகளில் இத்தனை கூட்டம் எதற்கு? ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்ற பழமொழியைக் கார் விற்பனைக்கும் நீட்டிவிட்டோம்.

இப்படி விற்ற மனிதரே அடுத்த வாரம் புதுக் கார் கடையில் நிற்கிறார். "செகண்ட் ஹாண்ட் வாங்கக் கூடாது ஸார், எல்லாம் திருட்டுப் பயல்கள்" என்கிறார். அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இதை விளையாட்டாகவே சொல்லிக்கொண்டு போக முடியாது. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது எத்தனையோ கார்கள் கூரை வரை மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதே காட்சி. மூழ்கிய வண்டியைக் கழுவி, ஆசனத் துணியை மாற்றி, வாசனைத் திரவியம் அடித்து விற்றுவிடலாம். ஆனால் தண்ணீர் புகுந்த மின்கம்பிகளும், ஏர்பேக்கை இயக்கும் கருவியும் உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டிருக்கும். மழை இல்லாத ஒரு நாளில், நெடுஞ்சாலையில், பின் ஆசனத்தில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அது தன் கணக்கைத் தீர்க்கும். அந்த வண்டியை 'நல்ல வண்டி' என்று சொல்லிக் கொடுத்தவர் அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

பாதுகாப்பு விஷயத்தில் எதிர்க் கட்சிக்கு ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை நான் மறைக்க மாட்டேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுகிறவருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து ஆசனத்துக்கு 2022-ல்தான். ஆகவே நான் பழைய கார் என்று சொல்லும்போது, மலிவாகக் கிடைக்கிறதே என்று பன்னிரண்டு வருஷத்துக் கிழ வண்டியில் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றச் சொல்லவில்லை. இந்த வருஷங்களுக்குப் பிறகு பிறந்த வண்டியாகப் பாருங்கள் என்கிறேன். அதற்கு முந்தியதை யாராவது சும்மா கொடுத்தாலும், நெடுஞ்சாலைப் பிரயாணத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பாட்டனார் பல்லைப் பார்த்த மாதிரி நாம் எதைப் பார்ப்பது? டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் வருஷத்தின் 23-வது வாரத்தில் அந்த டயர் பிறந்தது என்று அர்த்தம். வண்டி 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார். ஆனால் நாலு டயரும் புதுசு. ஏன் என்று கேளுங்கள். பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, ஸ்டியரிங் எண்ணெய் தடவியதுபோல் மின்னினால், மீட்டர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆசனவாரைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் கிடந்த வண்டியானால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை காட்டிக் கொடுத்துவிடும். கழுவுகிறவர்கள் அவ்வளவு தூரம் இழுத்துக் கழுவுவதில்லை. உபரிச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு அந்தக் குழியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி பார்க்கக் காலையில் போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே என்ஜினைச் சூடு பண்ணி வைத்திருந்தால் அதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த என்ஜின் கிளம்பும்போது பின்னால் நீலப் புகை வந்தால் ஆயிலும் சேர்ந்து எரிகிறது. வேறு ஒன்றும் தெரியாவிட்டால், உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு போய், அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். 4 லட்ச ரூபாய்ச் சாமானுக்கு 2,000 ரூபாய்க் கூலி கொடுக்க யோசிக்கிறவருக்கு என் அனுதாபம் கிடையாது.

காகிதத்தையும் பார்க்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு, பதிவு என்றைக்கு, எத்தனையாவது உரிமையாளர், பாங்கி அடமானம் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரைக்கும் என்று பார்த்துவிடலாம். அடமானம் இருந்தால் பாங்கியின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் படிவம் 35-ம் வாங்காமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30. இவற்றில் கையெழுத்தை வாங்கி மேஜைக்குள் போட்டுவிட்டு, "அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதில் ஆபத்து விற்றவருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி, மாநிலத்துக்குள்ளேயே விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. வண்டி ஒன்று 2007-லிருந்து நாலு தடவை கை மாறியிருந்தது. பதிவுப் புத்தகத்தில் மட்டும் முதல் மனிதரின் பெயரே நின்றது. 2009-ல் விபத்து. வண்டியை விற்று இரண்டு வருஷமாகக் கண்ணாலும் காணாத அந்த முதல் மனிதரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளி என்று முடிவாயிற்று. நேர்மைக்காக வேண்டாம், சுயநலத்துக்காகவாவது ஒழுங்காக விற்கலாம் அல்லவா?

நேர்மையை மனச்சாட்சியிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்க நான் தயாராயில்லை. சர்க்காரையும் கேட்கிறேன். பிரிட்டனில் மூன்று வருஷம் ஆன காரெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும். அப்போது மீட்டர் காட்டிய தூரத்தையும், எதில் தேறவில்லை என்பதையும் குறித்து வைக்கிறார்கள். வண்டி எண்ணைக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் அதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் 1972-லேயே மீட்டரைத் திருப்புவதை மத்திய சட்டத்தால் குற்றமாக்கி, விற்கிறவர் தூரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். அந்த நாட்டு மனிதர்கள் நம்மைவிட யோக்கியர்கள் என்று நான் நம்பவில்லை. பொய் சொன்னால் அகப்பட்டுக்கொள்வோம் என்று அவர்களுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இங்கே செய்வதற்கு என்ன கஷ்டம்? ஒரு வண்டிக்கு விபத்து நஷ்ட ஈடு எத்தனை தடவை, எவ்வளவு கொடுத்தோம் என்ற விவரம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் இருக்கிறது. அதை வாங்கப் போகிறவர் பார்க்கும்படி பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வைக்கலாம். முழு நஷ்டம் என்று எழுதி ஏலத்தில் விட்ட வெள்ள வண்டி மறுபடி சாலைக்கு வந்தால், 'முழு நஷ்டம்' என்ற இரண்டு சொல்லை அதன் பதிவில் அழியாமல் பொறிக்கலாம். புகைச் சோதனைக்கு வருஷா வருஷம் நாம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அங்கே உள்ள பையன் இப்போதே நம்பர் பலகையைப் படம் பிடிக்கிறான். கண்ணாடியை இறக்கச் சொல்லி, மீட்டரையும் ஒரு படம் பிடித்து அதோடு சேர்த்து அனுப்ப அவனுக்கு எத்தனை விநாடி ஆகும்?